பள்ளிக்கூடத் திண்ணை: வெள்ளிக்கிழமை மிட்டாய்

பொறுமை என்பது பிறவிக் குணமா, பழக்கத்தால் வருவதா, அல்லது வசதியுள்ளவர்கள் மட்டுமே வாங்கக்கூடிய சரக்கா? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டு சில மாதங்களாகின்றன. பிடித்துக் கொடுத்தவன் ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன். அவன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் குற்றவாளி அவனல்லன். யார் என்பது போகப்போகத் தெரியும்.

பொம்மிடியை ரயிலில் கடந்து சென்ற நேயர்கள் பலர் இருக்கலாம். இறங்கிப் பார்த்தவர்கள் சிலராகவே இருப்பார்கள். சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குச் செல்லும் பாதையில், சேர்வராயன் மலைத்தொடர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. சுற்றுப்புறத்தில் மானாவாரி நிலம் அதிகம். மழை பெய்தால் ராகியும் சாமையும் உண்டு. பெய்யாவிட்டால் ரயில் உண்டு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ, வேறெங்கேனும் செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு புறப்பட்டு விடுகிறவர்கள் பலர். எப்போது போவார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு எங்ஙனம் தெரியும்?

நான் குறிப்பிடும் பையனும் அத்தகைய வீட்டுப் பிள்ளைதான். அவனிடம் ஒரு விசித்திரம் உண்டு. வகுப்பு அலமாரியில் நோட்டுப் புத்தகங்களை வைத்துவிட்டுப் போகலாம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். மற்றவர்கள் சந்தோஷமாக வைத்துவிட்டு ஓடுவார்கள். இவன் மட்டும் தன்னுடையது என்று எதையும் வைத்துவிட்டுப் போகமாட்டான். தேய்ந்த பென்சில் துண்டு உட்பட அத்தனையும் மாலையில் அவன் பையில் ஏறிவிடும்.

நான் சர்வகலாசாலையில் மனோதத்துவத்தை ஒரு பாடமாகப் படித்தவன். படித்ததைப் பிள்ளைகளிடம் பரீட்சித்துப் பார்க்கும் துர்ப்புத்தி உபாத்தியாயர்களுக்கு அவ்வப்போது வருவதுண்டு. ஒரு திங்கட்கிழமை கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு வகுப்புக்குள் நுழைந்தேன். “இன்றைக்கே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு மிட்டாய். வெள்ளிக்கிழமை வரையில் காத்திருப்பவர்களுக்கு ஐந்து மிட்டாய். எது வேண்டுமோ கேளுங்கள்” என்றேன்.

பெரும்பாலோர் வெள்ளிக்கிழமை என்றார்கள். இவன் கையை நீட்டி ஒன்றை வாங்கி அப்போதே வாயில் போட்டுக்கொண்டான். என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு எதிரே, “பொறுமை இல்லை, முன்யோசனை குறைவு” என்று எழுதினேன். எழுதியதோடு நின்றிருந்தால் எனக்கும் நிம்மதி, நேயர்களுக்கும் இந்தக் கட்டுரையின் தொல்லை இராது. விதி விடவில்லை.

“ஏண்டா, நாலு நாள் பொறுத்தால் ஐந்து கிடைக்குமே?” என்று கேட்டேன்.

“போன வருசம் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொன்னீங்கல்ல, சார்?” என்றான்.

அவன் குரலில் குறையுமில்லை, கேலியுமில்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்வது போலச் சொன்னான்.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. முதலில் ஆற்றில் வெள்ளம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு தேர்வு என்று தள்ளிப்போட்டேன். பிறகு மறந்தே போனேன். முதல் இரண்டும் காரணங்கள், மூன்றாவதுதான் குற்றம். மற்றப் பிள்ளைகளும் அதை அறிவார்கள். ஆயினும் ஒரு வாத்தியார் சொல் தவறினால் உலகமே தவறியது என்று அவர்கள் எண்ணவில்லை. சொன்னால் செய்யும் பெரியவர் ஒருவரேனும் அவர்கள் வீட்டில் இருந்தார். இவனுக்கோ நான் தவறியது, ஏற்கெனவே நீண்டிருந்த ஒரு பட்டியலில் இன்னொரு வரி.

அன்று இரவு குறிப்பேட்டைத் திறந்து நான் எழுதியிருந்ததைப் பார்த்தேன். நான் அளந்தது அவனுடைய பொறுமையையா, என்னுடைய நாணயத்தையா?

* * *

இந்தச் சந்தேகம் எனக்கு முன்பே பெரிய சாஸ்திரக்காரர்களுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் வால்டர் மிஷல் 1958-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று நமக்கு ஒருவகையில் உறவுடையது. அவர் போனது டிரினிடாட் தீவுக்கு. 1845 முதல் 1917 வரையில் நம் நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் சந்ததியார் அங்கே ஏராளம். ஆப்பிரிக்க வம்சத்தாரும் ஏராளம். இந்திய வம்சத்தார் கஞ்சர்கள் என்று ஒரு சாராரும், ஆப்பிரிக்க வம்சத்தார் இன்றைக்கு இருப்பதை இன்றைக்கே தின்று தீர்ப்பவர்கள் என்று மறுசாராரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மிஷல் 7 முதல் 9 வயதுள்ள 53 பிள்ளைகளிடம், இன்றைக்குச் சிறிய மிட்டாயா, அடுத்த வாரம் பெரிய மிட்டாயா என்று கேட்டார். ஊர்ப்பேச்சை ஒட்டியே விடை வந்தது போலத் தோன்றிற்று. ஆனால் ஊன்றிப் பார்த்தபோது, சிறியதை உடனே கேட்டவர்களிடையே தகப்பன் வீட்டில் இல்லாத பிள்ளைகள் அதிகமாயிருந்தனர். இனத்தின் குணம் என்று பேசப்பட்டதன் பின்னே வீட்டின் நிலை ஒளிந்துகொண்டிருந்தது.

பின்னர் அதே மிஷல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் குழந்தைப் பள்ளியில் நடத்திய மிட்டாய்ச் சோதனைகள் உலகப் பிரசித்தி அடைந்தன. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பிலும் வாழ்விலும் முன்னுக்கு வந்தார்கள் என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளின் முன்னே மிட்டாயை வைத்துவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். 2018-ல் டைலர் வாட்ஸ் என்பாரும் அவர் தோழர்களும் 918 குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு அதை மறுபடி சோதித்தார்கள். முன்பு சொல்லப்பட்ட தொடர்பு பாதியளவே தேறிற்று. குடும்பத்தின் நிலையையும் குழந்தையின் ஆரம்பத் திறனையும் கணக்கில் சேர்த்தபோது, தேறியதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோயிற்று.

என் வகுப்பில் நடந்ததை அப்படியே படம் பிடித்தது போன்ற சோதனை ஒன்றும் உண்டு. ராச்சஸ்டர் சர்வகலாசாலையில் செலஸ்ட் கிட் என்னும் அம்மையாரும் அவர் தோழர்களும் செய்து 2013-ல் அச்சிட்டது அது. 28 சிறு குழந்தைகளை இரு பகுதியாகப் பிரித்தார்கள். இரு பகுதியாருக்கும், “இதைவிட நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருகிறேன், காத்திரு” என்று வாக்குக் கொடுத்தார்கள். ஒரு பகுதிக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மற்றொரு பகுதிக்கு வெறுங்கையோடு வந்து, “தவறிப் போயிற்று, இல்லை” என்றார்கள். அதன் பிறகே மிட்டாயை வைத்தார்கள். சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தன. சொல் தவறிப்போன குழந்தைகள் 3 நிமிஷத்தில் எடுத்துத் தின்றுவிட்டன. குழந்தைகள் மாறவில்லை, வாக்குக் கொடுத்த பெரியவர்தான் மாறினார்.

* * *

சிறு வயதில் பட்ட துன்பம் ஒருவன் பிற்காலத்தில் வாழ்க்கையை நடத்தும் முறையை எவ்வாறு திருப்புகிறது, அதை எப்படி அளப்பது என்பதே இன்று பெரிய ஆராய்ச்சித் துறையாகியிருக்கிறது. இதன் வேர் பிராணி சாஸ்திரத்தில் இருக்கிறது. 1967-ல் மாக்ஆர்தர், வில்ஸன் என்ற இருவர் தீவுகளில் வாழும் உயிரினங்களைப் பற்றி எழுதிய நூலில், சில இனங்கள் விரைவாகப் பெருகி விரைவாக மடிவதையும், சில இனங்கள் நிதானமாக வளர்ந்து சில குட்டிகளையே பேணி வளர்ப்பதையும் ஆராய்ந்தார்கள். 1991-ல் பெல்ஸ்கி, ஸ்டைன்பெர்க், டிரேப்பர் என்ற மூவர் இந்த எண்ணத்தை மனிதக் குழந்தையிடம் கொண்டுவந்தார்கள். நம்பத்தகாத உலகில் பிறந்த குழந்தை விரைந்து பருவமடைந்து, கிடைத்ததைக் கிடைத்தபோது பற்றும் உபாயத்தை மேற்கொள்கிறது. நம்பத்தக்க உலகில் பிறந்த குழந்தை நிதானமாக வளர்ந்து நெடுங்காலத் திட்டம் போடுகிறது என்பது அவர்கள் கொள்கை. முன்னதை விரைவு உபாயம் என்றும், பின்னதை நிதான உபாயம் என்றும் வைத்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்துக் குடியானவருக்கு இதை விளக்க நூல் வேண்டியதில்லை. கிணற்றில் தண்ணீர் உள்ளவர் தென்னங்கன்று நடுவார். அது காய்க்கச் சில வருஷம் ஆகும் என்பதைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. வானம் பார்த்த பூமியை உடையவர் சீக்கிரம் விளையும் சாமையை விதைப்பார். தென்னை நட்டவர் தீர்க்கதரிசி, சாமை விதைத்தவர் மூடர் என்று எவரேனும் சொன்னால் ஊரார் சிரிப்பார்கள். இரண்டு பேரும் அவரவர் தண்ணீருக்குத் தக்கபடி சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

2009-ல் எல்லிஸ், பிகரெடோ முதலியோர் இந்தக் கொள்கையில் முக்கியமான ஒரு பிரிவினை செய்தார்கள். துன்பம் என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள், அதில் இரண்டு சரக்குகள் இருக்கின்றன என்றார்கள். ஒன்று கடுமை: பசி, நோய், அடி, சாவு. மற்றொன்று நிச்சயமின்மை: இன்று இருப்பது நாளை இருக்குமா என்று தெரியாமை. அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் பிறந்தது முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களைப் பற்றி 2012-ல் ஸிம்ஸன், கிரிஸ்கெவிஷியஸ் முதலியோர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். முதல் 5 வயதுக்குள் பெற்றோரின் வேலை எத்தனை தரம் மாறிற்று, குடியிருப்பு எத்தனை தரம் மாறிற்று, வீட்டில் தாயோடு வாழ்ந்தவர் எத்தனை தரம் மாறினார் என்பதே நிச்சயமின்மைக்கு அவர்கள் வைத்த அளவுகோல். 23 வயதில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தோடு, வறுமையின் கடுமையைவிட இந்த மாறுதல்களே அதிகத் தொடர்பு காட்டின.

இதைப் படித்த பின்பு பையனுடைய மாற்றுச் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்புக்குள் மூன்று பள்ளிகள். நடுவிலே எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத ஏழு மாதம். அந்த ஏழு மாதம் அவன் எங்கே இருந்தான், என்ன சாப்பிட்டான் என்பதற்கு எந்தக் காகிதத்திலும் சாட்சியில்லை. எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு போகும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

* * *

ஆனால், அன்பர்களே, அவசரப்பட்டு இந்த அளவுகோல்களைக் கையில் எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுப் பிள்ளைகளை அளக்கப் புறப்பட்டுவிடக் கூடாது. அளவுகோலிலேயே கோணல்கள் உண்டு.

முதல் கோணல் ஞாபகத்தைச் சேர்ந்தது. வின்சென்ட் பெலிட்டி, ராபர்ட் அண்டா என்ற இரு டாக்டர்கள் அமெரிக்காவிலுள்ள ஸான் டியேகோ நகரில் நடத்திய ஆராய்ச்சி 1998-ல் வெளிவந்தது. வயது வந்த 9,508 பேரிடம் குழந்தைப் பருவத்தில் நேர்ந்த துன்பங்களை 7 வகையாகப் பிரித்துக் கேட்டார்கள். 4 வகையோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் குடிப்பழக்கமும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் பன்மடங்கு அதிகமாயிருக்கக் கண்டார்கள். அந்தக் கேள்விகளே பின்னர் 10 வகையாகி உலகமெங்கும் பரவின. ஆனால் இவை யாவும் பல வருஷங்கள் கழித்து ஞாபகத்திலிருந்து சொன்னவை. 2019-ல் ஜெஸ்ஸி பால்ட்வின் முதலியோர், 16 ஆராய்ச்சிகளில் அடங்கிய 25,471 பேரின் விவரங்களை ஒப்பிட்டார்கள். குழந்தைப் பருவத்திலேயே கொடுமைக்கு ஆளானதாகப் பதிவானவர்களில் 52 சதவீதத்தினர் பெரியவர்களான பின்பு அதைச் சொல்லவில்லை. பெரியவர்களான பின்பு சொன்னவர்களில் 56 சதவீதத்தினரைப் பற்றி முன்பு பதிவு எதுவும் இல்லை. இவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல. பட்டது வேறு, பட்டதாக மனம் வைத்துக்கொண்டிருப்பது வேறு. இரண்டும் உண்மைதான், இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது கோணல் உபாயத்தை அளக்கும் கோலில் இருக்கிறது. பிகரெடோ முதலியோர் ஆக்கிய, 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாள் பெரிதும் வழக்கத்தில் உள்ளது. விடைகளைக் கூட்டினால் ஒருவர் விரைவு உபாயத்தாரா நிதான உபாயத்தாரா என்று ஓர் எண் கிடைக்கும். அதிலுள்ள வாக்கியங்களில், சிறு வயதில் தாயோடும் தந்தையோடும் அன்பான நெருக்கம் இருந்ததா என்பதும் சேர்ந்திருக்கிறது! காரணத்தையே காரியத்தின் அளவுகோலில் கலந்துவிட்டு, காரணத்துக்கும் காரியத்துக்கும் தொடர்பு கண்டேன் என்றால், அது பானைக்குள் தானே போட்ட காசைத் தானே கண்டெடுத்த கதைதான். உயிரினங்களுக்கிடையே கண்ட வேறுபாட்டை ஒரே இனத்தின் தனி மனிதர்களுக்கிடையே பொருத்துவது சரியா என்று 2020-ல் ஸீட்ஷ், ஸிடாரி என்ற இருவர் கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே.

மூன்றாவது கோணலை நம் தமிழ்நாட்டுக் கரும்புத் தோட்டங்களே காட்டிக்கொடுத்தன. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. விழுப்புரம் மாவட்டத்திலும், எங்கள் மாவட்டத்துக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்திலும் 464 கரும்பு விவசாயிகளிடம், அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத சமயத்தில் ஒரு தரமும், அறுவடைக்குப் பின்னால் பணம் வந்த சமயத்தில் ஒரு தரமும் புத்திச் சோதனை நடத்தினார்கள். அதே மனிதர், அதே மூளை. ஆனால் அறுவடைக்கு முன்பு மதிப்பெண் குறைவு, பின்பு அதிகம். கவலை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. இது பெரியவர்களைப் பற்றியது. குழந்தைப் பருவத்தைப் பற்றியதன்று. ஆயினும் அளப்பவருக்கு ஓர் எச்சரிக்கை இதில் இருக்கிறது. மாசி மாதத்தில் ஒருவனை அளந்துவிட்டு அது அவன் ஆயுள் முழுவதற்குமான குணம் என்று எழுதிவிடக் கூடாது.

போதாக்குறைக்கு இலங்கையிலிருந்து ஒரு சேதி. 2004-ஆம் வருஷத்துச் சுனாமியில் சிக்கிய கூலித் தொழிலாளரைப் பற்றி மைக்கேல் காலன் என்பவர் 2015-ல் எழுதிய கட்டுரையில், பேரழிவைக் கண்டவர்களிடம் பொறுமை குறையவில்லை, கூடியிருந்தது என்று காண்கிறோம். துன்பம் எல்லாரையும் ஒரே பக்கம் தள்ளுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவேதான் துன்பத்தை எண்ணிக் கணக்கிடும் முறையைத் தொடங்கிவைத்த அண்டாவே 2020-ல் தம் தோழர்களோடு சேர்ந்து எச்சரித்தார்: ஜனத்தொகையைப் பற்றி அறிய உதவும் அந்த எண்ணை ஒரு தனி மனிதனின் தலையில் எழுதக் கூடாது என்று. ஆயிரம் பேருக்கு உண்மையாயிருக்கும் சராசரி, முன்னே நிற்கும் ஒருவனுக்கு உண்மையாயிருக்க வேண்டியதில்லை. நான் குறிப்பேட்டில் எழுதிய இரண்டு வார்த்தைகளும் இந்தக் குற்றத்தைச் சேர்ந்தவைதாம்.

* * *

இது பள்ளிக்கூடத்தோடு நிற்கும் விஷயமன்று, தேசத்தைப் பற்றியதுங்கூட. வெள்ளைக்காரத் துரைத்தனத்தார் ஒரு காலத்தில் நம் குடியானவர்களைப் பற்றி இதே இரண்டு வார்த்தைகளைத்தான் எழுதிவைத்தார்கள்: சிக்கனம் தெரியாதவர்கள், நாளையைப் பற்றி நினையாதவர்கள். 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், அப்போது எங்கள் தர்மபுரியும் அடங்கியிருந்த சேலம் ஜில்லா மிகவும் அடிபட்டது. பஞ்சத்துக்குக் குடியானவனின் குணமே காரணம் என்பார்க்கு ரமேஷ் சந்திர தத்தர் 1900-ல் கர்ஸன் பிரபுவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதங்களில் தக்க விடை கொடுத்தார். நிலவரி கடுமையானது, எப்போது எவ்வளவு உயரும் என்பதும் நிச்சயமில்லை, வரம்பு கட்டினால் குடியானவன் தானே நிலத்தைத் திருத்துவான், மிச்சம் பிடிப்பான் என்பது அவர் வாதத்தின் சாரம். கடுமை, நிச்சயமின்மை என்ற இரண்டையும் மனோதத்துவக்காரர்கள் பிரித்துச் சொல்வதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பாகவே, வரிக் கணக்கைப் பார்த்து ஒரு தேசபக்தர் சொல்லிவிட்டார். அன்று நம்மைப் பற்றிப் பிறர் சொன்ன பழியை, இன்று நாமே நம் ஏழைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லலாமா?

விருதுநகரில் 1903-ல் பிறந்த காமராஜர் சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். படிப்பை நிறுத்தி மாமன் கடைக்கு வேலைக்குப் போனவர். இலங்கையில் கண்டிக்கு அருகே 1917-ல் பிறந்த எம்.ஜி.ஆரும் சிறு குழந்தையாயிருக்கும்போதே தகப்பனாரை இழந்து, பசியை அறிந்து, பையனாயிருந்தபோதே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். கொள்கையின்படி பார்த்தால் இவர்கள் அன்றன்று கிடைப்பதை அன்றன்றே பற்றும் உபாயத்தாராயிருக்க வேண்டும். சுமார் 9 வருஷம் சிறையிலிருந்து, கலியாணமும் செய்துகொள்ளாமல், தேசத்தின் நாளைக்காகத் தம் இன்றையைக் கொடுத்த காமராஜரை எந்தப் பெட்டியில் அடைப்பது? ஆனால் நான் சொல்லவருவது அவர்கள் விதிவிலக்கு என்பதல்ல. “நான் பட்டினியிலிருந்து மேலே வந்தேன், நீயும் வா” என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே. அதிகாரம் கைக்கு வந்தபோது ஒருவர் 1956-ல் பள்ளியில் மதிய உணவுத் திட்டத்தைப் பரப்பினார். மற்றவர் 1982-ல் சத்துணவாக அதை விரித்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது.

அந்தச் சோற்றின் பெருமை அதிலுள்ள சத்து மட்டுமன்று. குறித்த மணிக்கு அது வருவதுமாகும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2002 முதல் சுமார் 3,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆராய்ச்சி உண்டு. ஞாபகத்தை நம்பாமல் அப்போதைக்கப்போது போய்ப் பார்த்து எழுதுவது அதன் சிறப்பு. அதன் விவரங்களை வைத்து அபிஜீத் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெபான் டெர்கான் ஆகியோர் 2014-ல் வெளியிட்ட கட்டுரையில், வறட்சியால் சிறு குழந்தைகளின் உடல் வளர்ச்சிக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பள்ளி மதிய உணவு ஈடுகட்டியதாகக் கண்டார்கள். வானம் சொல் தவறிய வருஷத்தில் பள்ளிக்கூடத்து அடுப்பு சொல் தவறவில்லை. துன்பத்தை அளப்பதைக் காட்டிலும், துன்பத்துக்கு எதிரே நிற்கும் இந்தத் தவறாமையை அளப்பது நமக்கு அதிகப் பயன் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாத்தியார் எத்தனை நாள் குறித்த நேரத்தில் வந்தார்? அறிவித்த நாளில் தேர்வு நடந்ததா? தருவதாகச் சொன்ன புத்தகம் சொன்ன நாளில் வந்ததா? இவற்றுக்கு ஞாபகமும் வேண்டாம், வினாத்தாளும் வேண்டாம், பதிவேடு போதும். ஆனால் அந்தப் பதிவேட்டில் பெயர் வரவேண்டியது பிள்ளைகளுடையதன்று, நம்முடையது.

* * *

கதையை முடிக்க வேண்டும். பையனுடைய தகப்பனார் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போவதாகவும், பையனையும் அழைத்துக்கொண்டு போவதாகவும் சொன்னார்.

“அவனைப் பாட்டி வீட்டிலே விட்டுவிட்டுப் போங்களேன். படிக்கட்டும்” என்றேன்.

“விட்டுட்டுப் போனா படிச்சு மேல வந்துடுவானா, சார்? நீங்களே சொல்லுங்க” என்றார்.

என்ன சொல்வேன்? சராசரிகள் எனக்குத் தெரியும். இவனைத் தெரியாது. வந்துவிடுவான் என்று சொன்னால், காப்பாற்ற முடியாத இன்னொரு வாக்கைக் கொடுத்தவனாவேன். ஆகையால், “அது எனக்குத் தெரியாதுங்க. ஆனால் பள்ளி நடக்கும் நாளெல்லாம் சாயங்காலம் 4½ மணிக்கு அவனுக்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுப்பேன். அது என் கையில் இருக்கிறது” என்றேன். அவர் சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தார். “சரிங்க சார், பொங்கல் வரைக்கும் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் என்னைப் பரீட்சிக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பரீட்சிக்க வேண்டியதுதான்.

ஒகேனக்கல்லுக்குப் போய்வந்தோம். தேதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்காமல் வைத்திருந்து, அந்தத் தேதியிலேயே போனோம். பஸ்ஸில் பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தான். அருவியைப் பார்த்தபோதும் பேசவில்லை. மறுபடி மிட்டாய்ச் சோதனை நடத்தலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. நடத்தவில்லை. வெள்ளிக்கிழமைக்காரர்களுக்கு ஐந்து மிட்டாயும் கொடுத்த அன்றே அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மாலைப் பாடம் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் சில நாள் அவன் வந்து உட்காருமுன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான். பிறகு என்னைப் பார்ப்பான். சென்ற வியாழக்கிழமை பாடம் முடிந்து பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவன், திரும்பி வந்தான். கணக்கு நோட்டை வெளியே எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தான்.

“இது இங்கயே இருக்கட்டும், சார். நாளைக்கு எடுத்துக்கறேன்” என்றான்.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவர்கள் போவார்களா, இருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. அவன் சொன்ன “நாளைக்கு” என்ற ஒரு சொல்லை எந்த அளவுகோலால் அளப்பது என்பதும் தெரியாது. மறுநாள் 4½ மணிக்கு நான் அங்கே இருந்தேன். நோட்டும் இருந்தது.